ஆசிரியர் தினம் வருகுது: கையால் என்ன செய்து கொடுக்கலாம்?

கைவேலைப் பக்கம் – வாசகர் கேள்வி பதில்

புரட்டாதி பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் கனக்க ஒரே விஷயம்தான். ஆசிரியர் தினம் வருகுது, கையில் காசு மட்டு, என்ன செய்யலாம்? கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். கொடுக்கிற பிள்ளையின் மனமும் தெரியும், வாங்குகிற ரீச்சரின் மனமும் தெரியும். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அன்பளிப்புக்கே ஒதுக்கியிருக்கிறேன். வேறு விசேஷங்களுக்குக் கேட்டவர்களுக்கும் இதிலேயே பதில் உண்டு.

அக்கா, எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் தரம் எட்டு, இளையவன் தரம் மூன்று. மூத்தவளுக்கு மட்டும் ஒன்பது ரீச்சர்மாரும் சேர்மாரும் படிப்பிக்கினம். கடையில் மக் வாங்கிக் கொடுக்கிறதென்றால் கட்டுப்படியாகாது. கூலி வேலைக்குப் போய்த்தான் வீட்டைப் பார்க்கிறேன். வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வரேல்லை. – ஒரு தாய், விசுவமடு

தங்கச்சி, ஒன்பது பேருக்கும் ஒன்பது பொருள் தேவையில்லை. வகுப்பாசிரியைக்கு ஒரு பொருள். மற்றவர்களுக்கு மகள் தன் கையெழுத்தில் ஆளுக்கொரு வாழ்த்து மட்டை எழுதிக் கொடுக்கட்டும். அதைக் குறைவாக நினைக்கிற ஆசிரியரை நான் காணவில்லை.

மக், மணிக்கூடு, கண்ணாடிப் பொம்மை எல்லாம் ஆசிரியர் வீட்டு அலுமாரிகளில் பெட்டி உடைக்காமலே கிடக்கின்றன. வன்னியில் படிப்பிக்கிற கனபேர் யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் விடிய வெளிக்கிட்டு வந்து போகிறவர்கள். பின்னேரம் ஏ-9 வீதியில் பஸ்ஸுக்கு நின்று, ஏறினால் இருக்க இடமில்லாமல் கம்பியைப் பிடித்தபடி போகிறவருக்குக் கை நிறைய மக் பெட்டி பெரிய கரைச்சல். கைப்பைக்குள் அடங்க வேண்டும், அடுத்த நாளே வகுப்பில் உதவ வேண்டும். இந்த இரண்டையும் வைத்து யோசியுங்கள்.

மகளுக்கு நான் சொல்வது டஸ்டர். கரும்பலகையைப் பழைய கொப்பித்தாள் கசக்கித் துடைக்கிற வகுப்புகள் இன்னமும் எத்தனையோ இருக்கின்றன. கிழிந்த டெனிம் காற்சட்டையில் ஏழு அங்குல நீளம், ஐந்து அங்குல அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். அதே அளவில் பழைய துவாயில் இன்னொரு துண்டு. டெனிம் கையில் பிடிக்கிற பக்கம், துவாய் துடைக்கிற பக்கம். நல்ல பக்கங்கள் இரண்டும் உள்ளுக்கு வரும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓரத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி மூன்று பக்கமும் ஓடுதையல் போட்டுத் திருப்பினால் பை மாதிரி வரும். பழைய நூல் சீலையை ஆறுக்கு நாலு அங்குலத்தில் நாலைந்து மடிப்பாக மடித்து உள்ளுக்கு வைத்து, திறந்த வாயை மூடித் தையுங்கள். பிறகு ஒரு விரல் அகலத்துக்கு ஒரு வரியாக, எல்லா மடிப்பையும் பிடித்துக் குறுக்கே தைக்க வேண்டும். இந்த வரிகள் இல்லாவிட்டால் ஒருமுறை தோய்த்தவுடன் உள்ளுக்கு இருக்கிற துணி ஒரு மூலைக்குத் திரண்டுவிடும். நூலை இரட்டையாகக் கோத்துக்கொள்ளுங்கள். மூலையில் ஒரு காது வைத்தால் ஆணியில் கொழுவலாம். டெனிம் பக்கத்தில் ரீச்சரின் முதலெழுத்தைச் சங்கிலித் தையலில் போடச் சொல்லுங்கள். வெள்ளைப்பலகை வந்த பள்ளிக்கூடமென்றாலும் இதே டஸ்டர்தான்.

செலவு ஊசிக்கும் நூலுக்கும்தான். ஆனால் ஒரு வேண்டுகோள். மகளின் தையல் கோணினால் நீங்கள் பிரித்துத் திருப்பித் தைக்க வேண்டாம். ரீச்சர் ஒரு பார்வையிலேயே எது தாயின் தையல், எது பிள்ளையின் தையல் என்று கண்டுபிடிப்பார். அவர் சந்தோஷப்படுவது பிள்ளையின் தையலுக்குத்தான்.

இளையவனுக்குத் தையல் வராது. ஈர்க்கு எடுத்த காய்ந்த பனையோலையை இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்தில் வெட்டிக் கொடுங்கள். ஒரு முனையில் துளை போட்டுக் கம்பளி நூல் கட்டினால் புத்தகத்துக்குள் வைக்கிற அடையாளம். அதில் அவன் தன் பெயரை எழுதட்டும், ஒரு பூவோ மாடோ கீறட்டும்.

வாழ்த்து மட்டையில் என்ன எழுதுவது என்பதுதான் முக்கியம். ‘ஆசிரியர் தின நல்வாழ்த்துகள்’ என்று மட்டும் எழுதினால் கடையில் விற்கிற மட்டைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. அந்த ஆசிரியர் தனக்குச் செய்த ஒரு காரியத்தைப் பிள்ளை எழுத வேண்டும். ‘பிரித்தல் கணக்கு எனக்கு உங்களிடம்தான் விளங்கினது.’ ‘மழைக்குள் நின்ற என்னை உங்கள் குடைக்குள் கூட்டிக்கொண்டு போனீங்கள்.’ இப்படி ஒரு வரி போதும். ஓய்வு பெறுகிறபோது ஆசிரியர்கள் கட்டிக்கொண்டு போவது இந்த மட்டைகளைத்தான்.

ரீச்சர், நாங்கள் தரம் பத்து. வகுப்பில் முப்பத்திரண்டு பேர். ஆளுக்கு இருநூறு ரூபா சேர்த்து வகுப்பு ரீச்சருக்குச் சீலை எடுப்பம் என்று சிலர் சொல்லுகினம். ஐந்தாறு பேர் வாய் திறக்கினம் இல்லை. அவையிட்ட காசில்லை என்று எங்களுக்கு விளங்குது. என்ன செய்யலாம்? – ஒரு மாணவி, முழங்காவில்

பிள்ளை, அந்த ஐந்தாறு பேரும் பேசாமல் இருப்பதைக் கண்டுகொண்டீர். அது பெரிய விஷயம். சீலை யோசனையை விட்டுவிடுங்கள். காசு கொடுத்தவர் இவர், கொடுக்காதவர் இவர் என்று ஒரு கணக்கு வகுப்புக்குள் வந்தால், ஆசிரியர் தினம் முடிந்தாலும் அந்தக் கணக்கு முடியாது. அந்தச் சீலை எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்கள் ரீச்சருக்கும் அதை உடுக்க மனம் வராது.

முப்பத்திரண்டு பேரும் சேர்ந்து ஒரு புத்தகம் செய்யுங்கள். ஏ4 தாள் ஒன்றை நடுவில் மடித்தால் நாலு பக்கம் வரும். எட்டுத் தாளில் முப்பத்திரண்டு பக்கம், ஆளுக்கொரு பக்கம். வெளியே இன்னொரு தாளைச் சுற்றினால் முகப்புக்கும் முடிவுக்கும் இடம் கிடைக்கும். ஆக ஒன்பது தாள், ஒரு பிறிஸ்டல் போர்ட், கொஞ்சம் நூல். எல்லாருமாகச் சேர்த்தாலும் பெரிய காசு வராது, வகுப்பு அலுமாரியில் கிடக்கிற தாளிலேயே முடித்துவிடலாம்.

தைக்கிற முறையைச் சொல்கிறேன். ஒன்பது தாளையும் தனித்தனியே மடித்து, மடிப்பை அடிமட்ட விளிம்பால் அழுத்தித் தேய்த்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். பிறிஸ்டல் போர்டை எல்லாப் பக்கமும் கால் சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்டுங்கள். அதை மடிக்கிறதுக்கு முன்னம் மை முடிந்த பேனையால் மடிப்புக் கோட்டை ஒருமுறை அழுத்திக் கீறினால் வெடிக்காமல் மடியும். தாள்களை அதற்குள் வைத்து நடுப்பக்கத்தை விரித்து, மடிப்பில் மூன்று இடத்தில் கவராய முனையால் துளை போடுங்கள். நடுவில் ஒன்று. அதிலிருந்து மேலே ஏழு சென்ரிமீற்றரில் ஒன்று, கீழே ஏழு சென்ரிமீற்றரில் ஒன்று. நூல் புத்தக உயரத்தைப்போல இரண்டரை மடங்கு வேண்டும். அதை ஒரு மெழுகுதிரியில் இழுத்து எடுத்தால் சிக்காது.

ஊசியை நடுத்துளையில் உள்ளேயிருந்து வெளியே விடுங்கள், நூலின் வால் ஒரு சாண் உள்ளுக்கு நிற்கட்டும். வெளிப்பக்கமாக மேலே போய் மேல்துளையால் உள்ளே வாருங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேரே கீழ்த்துளைக்கு இறங்கி வெளியே போங்கள். கடைசியாக வெளியேயிருந்து நடுத்துளையால் திரும்ப உள்ளே வந்துவிட வேண்டும். இப்போது இரண்டு வாலும் நடுவில் இருக்கும். நடுவால் ஓடுகிற நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு வால், அந்தப் பக்கம் ஒரு வால் வரும்படி பார்த்து, இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். நூலை மடிப்பின் திசையிலேயே இழுக்க வேண்டும், உங்கள் பக்கம் இழுத்தால் தாள் கிழியும்.

தைத்த பிறகு எழுதுங்கள். எழுதிய பிறகு தைத்தால் பக்கங்கள் இடம் மாறிப் போகும். பென்சிலால் பக்க இலக்கம் போட்டு, ஒவ்வொருவரும் முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்துப் பிறகு புத்தகத்தில் எழுதட்டும். ஒருவர் பிழைவிட்டாலும் அந்தத் தாளைப் பிடுங்கக் கூடாது. மற்ற மூன்று பேரின் பக்கமும் அதோடு போய்விடும். அதே அளவில் தாள் வெட்டி மேலே ஒட்டலாம்.

மட்டைக்குத் தையல்கடையில் வெட்டி ஒதுக்கின துணித்துண்டு ஒன்று கேட்டு வாங்கி ஒட்டுங்கள். கம் போத்தல் வாங்கத் தேவையில்லை. இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவைக் கட்டி படாமல் ஒரு தேத்தண்ணிக் கோப்பை தண்ணீரில் கரைத்து, மெல்லிய நெருப்பில் கண்ணாடிபோல வரும்வரை துழாவுங்கள். ஆறினபிறகு மெல்லிதாகப் பூசி, மேலே பாரம் வைத்து நிழலில் ஒரு இரவு விடுங்கள். வெயிலில் வைத்தால் மட்டை வளையும். இந்தப் பசை இரண்டாம் நாள் புளித்துவிடும், அளவாகக் காய்ச்சுங்கள்.

சீலை வாங்குவோம் என்று சொன்ன பிள்ளைகளோடு கோபிக்க வேண்டாம். அவர்களுக்கும் ரீச்சரில் அன்புதான். வடிவாகப் படம் கீறுகிறவர் அவர்களில் இருந்தால் முகப்பை அவரிடமே கொடுங்கள்.

ஆசிரியர் தினம் ஒக்ரோபர் 5ஆ, 6ஆ? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு திகதி போடுகினம். – பரந்தன் வாசகர்

இரண்டும் சரி. ஒக்ரோபர் 5 உலக ஆசிரியர் தினம். 1966ஆம் ஆண்டு அந்த நாளில்தான் ஆசிரியர்களின் நிலை பற்றிய பரிந்துரை யுனெஸ்கோவும் சர்வதேச தொழில் அமைப்பும் சேர்ந்து கூட்டிய மாநாட்டில் நிறைவேறியது. 1994 முதல் அந்நாளை உலகெங்கும் கொண்டாடுகிறார்கள். இலங்கைப் பள்ளிக்கூடங்களில் ஒக்ரோபர் 6. இந்தியாவில் செப்ரெம்பர் 5, அது ராதாகிருஷ்ணனின் பிறந்தநாள்.

பெற்றோர் சேர்ந்து ஆசிரியர்களுக்கு மாலை போட்டு வரவேற்க இருக்கிறோம். பிளாஸ்ரிக் மாலை வாங்கி வைத்தால் வருஷா வருஷம் பாவிக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். – மாங்குளம்

வேண்டாம். 2023 ஒக்ரோபர் 1 முதல் இலங்கையில் தடை செய்யப்பட்ட பிளாஸ்ரிக் பொருட்களில் மாலையும் ஒன்று. தடை இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். போன வருஷம் ஒருவர் கழுத்தில் கிடந்து தூசி பிடித்ததைத் துடைத்து இந்த வருஷம் இன்னொருவருக்குப் போடுவது மரியாதை ஆகுமா?

உங்கள் ஊரில் நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் இல்லாத வளவு எது? முதல்நாள் பின்னேரம் வாழைநாரைக் கிழித்து நனைத்து வையுங்கள். விடிய ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கை பூ கொண்டு வரட்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கட்டிவிடுவார்கள். பூத் தட்டுப்பாடு என்றால் முழு மாலை எதற்கு? கையில் கொடுக்கிற சின்னக் கொத்து ஒன்றே நிறைவு.

அன்ரி, என் மகன் முன்பள்ளிக்குப் போறான். அவன்ர ரீச்சருக்குக் குண்டுமணியும் மஞ்சாடியும் கோத்து ஒரு மாலை செய்ய ஆசை. காட்டுக்கரையில் குண்டுமணி நிறையக் கிடக்குது. துளை போட என்ன ஊசி நல்லது? – வவுனியா வாசகி

மகள், தயவுசெய்து குண்டுமணியைத் தொடாதேயுங்கோ. சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க வடிவுதான். ஆனால் அதற்குள் இருப்பது அப்ரின் என்கிற கொடிய நஞ்சு. விதையின் தோல் கடினம். உடையாமல் வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். நீங்கள் துளை போட்டதும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. முன்பள்ளி ரீச்சர் கழுத்தில் மாலை போட்டால் மடியில் ஏறுகிற பிள்ளைகள் பிடித்து இழுத்து வாயில் வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். துளை போடுகிறபோது ஊசி உங்கள் விரலில் ஏறினாலும் ஆபத்துத்தான். வீட்டில் சேர்த்து வைத்திருந்தால் பிள்ளையின் கை படாதபடி இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். பெரிய மஞ்சாடி விதை குண்டுமணி அளவுக்கு நஞ்சு இல்லை. ஆனாலும் பச்சையாகத் தின்னக் கூடாதது, தொண்டையிலும் சிக்கும். முன்பள்ளிக்கு அதுவும் வேண்டாம்.

மணிமாலைதான் ஆசை என்றால் தாளில் மணி செய்யுங்கள். கடைக்காரர் தருகிற கலண்டரின் பளபளத்த தாள் இதற்கு நல்லது. அடி இரண்டு சென்ரிமீற்றர், நீளம் இருபத்தைந்து சென்ரிமீற்றர் வைத்து, போகப்போக ஒடுங்கி முனையில் கூராக முடிகிற நீள முக்கோணங்களாக வெட்டுங்கள். தும்புத்தடிக்குப் பக்கத்தில் நிற்கிற ஈர்க்குமாறில் தடித்த ஈர்க்கு ஒன்று உருவுங்கள். அகலப் பக்கத்தை ஈர்க்கில் வைத்து இறுக்கிச் சுற்றிக்கொண்டு போய், கடைசி இரண்டு அங்குலத்துக்கு மட்டும் பசை தடவி ஒட்டிவிடுங்கள். ஈர்க்கை உருவினால் நடு தடித்து இரு முனையும் ஒடுங்கின மணி ஒன்று கையில் நிற்கும். முக்கோணம் நடுவிலிருந்து விலகாமல் இரண்டு பக்கமும் சரிசமனாகச் சுற்றுப்பட வேண்டும், வேலையின் நுணுக்கம் அதில்தான். காய்ந்தபிறகு நிறமில்லாத நெயில் பொலிஷ் ஒரு பூச்சு. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று மகனே எடுத்துத் தரட்டும். மூன்று நாலு வயதில் அவனால் முழுசாகச் செய்யக்கூடிய பங்கு அது.

அம்மா, வருகிற விஜயதசமிக்குப் பேரனுக்கு ஏடு தொடக்கப் போறம். அந்தக் காலம் போல உண்மையான பனையோலையில் ‘அ’ எழுதி அவனுக்குப் பரிசாகக் கொடுக்க விருப்பம். எங்கட தகப்பனார் எழுதி வைத்திருந்தவர், எனக்குப் பழக்கித் தரேல்லை. – ஒரு அம்மப்பா, முள்ளியவளை

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். உங்களால் நிச்சயம் செய்ய முடியும். ஓலை பதப்படுத்த நாள் வேண்டும், அதனால் இப்போதே தொடங்குங்கள்.

வடலியில், அதாவது இளம் பனையில், ஓலை எடுங்கள். கடும்பச்சையாக முற்றினதும் வேண்டாம், விரியாத குருத்தும் வேண்டாம், இரண்டுக்கும் இடைப்பட்ட ஓலை. ஒரு வடலியில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். நடுக்குருத்தில் கத்தி படவே கூடாது. பனைக்கு வளர்கிற இடம் உச்சியில் ஒன்றே ஒன்றுதான், அது போனால் மரம் போச்சு. யுத்தத்தில் ஷெல் பட்டுத் தலை போன பனைகள் மொட்டையாக நின்று பட்டுப்போனதை முள்ளியவளைக்காரரான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஈர்க்கை நீக்கி ஓலையை ஒரு சாண் நீளம், இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு வார்ந்தெடுங்கள். சத்தகம் வீட்டில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கூரான சின்னக் கத்தி. பழுதானால் மாற்ற வேண்டும், ஐந்தாறு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, மஞ்சள் போட்ட தண்ணீரில் அரை மணித்தியாலம் அவியுங்கள். மஞ்சள் பூச்சிக்கும் நல்லது, ஓலைக்கும் ஒரு நிறம் கொடுக்கும். திரும்ப நிழலில் உலர்த்தி, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றிவிடுங்கள். ஒரு கிழமை கழித்து எடுத்தால் தட்டையாக இருக்கும். வழவழப்பான கல்லால் அல்லது சங்கால் இரண்டு பக்கமும் தேய்த்தால் எழுத இதமாக இருக்கும்.

தகப்பனாரின் எழுத்தாணி இருந்தால் அதைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் பேத்தியோ பேரனோ பாவிக்கிற கவராயத்தின் முனை போதும். அழுத்தி வெட்டக் கூடாது, மேற்தோலில் மட்டும் கீறல் விழ வேண்டும். முதலில் பழுதுத் துண்டில் எழுதிக் கை பழகுங்கள். ஓலையின் நரம்போடு நேர்கோடு இழுத்தால் ஓலை பிளக்கும், வளைத்து எழுதினால் தாங்கும். ‘அ’ முழுக்க வளைவுதான், ஆனால் கடைசியில் வருகிற நிமிர்ந்த கோட்டை ஓலையின் நீளத்துக்குக் குறுக்காக வரும்படி வையுங்கள், அப்போது பயமில்லை. பேரனின் பெயரையும் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். மெய்யெழுத்தின் புள்ளிகளை விட்டுவிடுங்கள். புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று பழைய ஏடுகளில் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். பேரன் வளர்ந்து கேட்கிறபோது சொல்லிக் கொடுக்க உங்களுக்கு ஒரு கதையும் ஆச்சு.

எழுதினவுடன் எழுத்துக் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்து ஓலை முழுக்கத் துணியால் தடவி, பிறகு தவிட்டைத் தூவி அழுத்தித் துடையுங்கள். மேலே இருக்கிற கரி தவிட்டோடு வந்துவிடும், கீறலுக்குள் போன கரி நிற்கும். ‘அ’ கறுப்பாக எழும்பி வருகிற அந்த நேரத்தில் பேரனைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் அதிபர் ஓய்வு பெறுகிறார். கேடயம், பொன்னாடை எல்லாம் சங்கத்தார் செய்கிறார்கள். எங்கள் வீட்டுச் சார்பாக எள்ளுப்பாகு செய்து கொடுத்தால் மரியாதையாக இருக்குமா? எத்தனை நாள் தாங்கும்? – புதுக்குடியிருப்பு

தாராளமாக. ஆனால் அதிபருக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா என்று முதலில் அவர் வீட்டாரிடம் விசாரியுங்கள். இருந்தால் எள்ளை வறுத்துச் சுத்தமான போத்தலில் போட்டு, பக்கத்தில் நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்று வைத்துக் கொடுங்கள்.

பாகு என்றால் கால் கிலோ எள்ளைக் கழுவி, கல் அரித்து, நன்றாக உலர்த்தி, வெடிக்கிற சத்தம் கேட்கும் வரை வறுத்து ஆறவிடுங்கள். இருநூறு கிராம் பனங்கட்டியைச் சீவிச் சேர்த்து உரலில் இடித்தால் எள்ளிலிருந்து எண்ணெய் கசிந்து தானாகப் பிடிபடும். தண்ணீர் துளியும் படக்கூடாது. ஈரக் கை வைக்காவிட்டால் இரண்டு கிழமைக்கு மேல் தாங்கும். தேங்காய்ப்பூச் சேர்த்தால் ருசிதான், ஆனால் அடுத்த நாளே முடித்துவிட வேண்டும். ஷொப்பிங் பையில் கொண்டுபோக வேண்டாம். மூடியுள்ள ஓலைப்பெட்டி ஒன்று ஊரில் பன்னவேலை செய்கிற அம்மாவிடம் சொல்லி இழைப்பித்து, வாட்டின வாழையிலை போட்டு வைத்துக் கொடுங்கள். பாகு முடிந்த பிறகும் பெட்டி அவர் மேசையில் பேனை வைக்க இருக்கும், உங்கள் ஊர் அம்மாவுக்கும் கையில் நாலு காசு.

அக்கா, நான் புதிதாக நியமனம் பெற்று வந்த ஆசிரியை. போன வருஷம் ஆசிரியர் தினத்தன்று எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் வந்து தந்தார்கள். ஒரு பிள்ளை அன்று வரவே இல்லை. அடுத்த நாள் கேட்டால் காய்ச்சல் என்றான். காய்ச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும். இந்த வருஷம் என்ன செய்யட்டும்? – நெடுங்கேணி

தங்கச்சி, இந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆசிரியரும் கேட்க வேண்டும். பரிசு கொடுக்க வழியில்லாமல் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராமல் விட்டால், அந்த நாளை யாருக்காகக் கொண்டாடுகிறோம்?

வரிசையை நிறுத்துங்கள். வகுப்பு முன்னிலையில் ஒன்றையும் வாங்கவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். வாசலில் ஒரு கடகம், ஓலையில் இழைத்த பெரிய கூடை, வையுங்கள். கொண்டு வந்தவர்கள் போகிற போக்கில் அதற்குள் வைத்துவிட்டுப் போகட்டும். யார் வைத்தது, யார் வைக்காதது என்று எவருக்கும் தெரியாது.

அதோடு இரண்டு கிழமைக்கு முன்னமே நீங்களே கேட்டுவிடுங்கள். ‘எனக்கு ஒரு பரிசுதான் வேணும். ஆளுக்கொரு விதை, இல்லாட்டி ஒரு தடி’ என்று சொல்லுங்கள். பப்பாசி விதை, வேப்பங்கொட்டை, பூசணி விதை, முருங்கைத் தடி, செவ்வரத்தைத் தடி. காசில்லாத வீட்டு வளவிலும் இவற்றில் ஒன்று இருக்கும். சில நேரம் அந்தப் பிள்ளை வீட்டில்தான் நல்ல முருங்கை நிற்கும். அவனிடம் தனியாகப் போய், ‘மற்றவைக்கும் பங்கிட நாலு தடி கூடக் கொண்டு வருவியா அப்பன்?’ என்று கேளுங்கள். காய்ச்சல் கதையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

வன்னிக்கு இந்தத் திகதி வாய்த்த திகதி. ஒக்ரோபர் நடுவில் மாரி மழை தொடங்கிவிடும், வயல்காரர் காலபோகத்துக்கு விதைக்கிற காலம். நட்டதற்கு யாரும் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. ஒவ்வொரு குழிக்கும் ஓலைத் துண்டில் பிள்ளையின் பெயரை எழுதிக் கட்டிவிடுங்கள், பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தானாக வரும். குழிகளைப் புரட்டாதிக்குள்ளேயே வெட்டி எருப் போட்டு வையுங்கள். ஐப்பசியில் மழை பிடித்தால் சேற்றில் மண்வெட்டி இறக்க முடியாது. பள்ளிக்கூட வளவுக்குள் ஆடு மாடு வருமென்றால், நடுகிறதுக்கு முன்னம் பெற்றோரில் இரண்டு பேரைப் பிடித்துப் பனைமட்டையால் ஒரு வரிச்சு வேலி கட்டுவித்துவிடுங்கள்.